முதல் யாது? — குமரப்பா அவர்கள் வரலாறு

அறம், பொருள், இன்பம், வீடு என்னும் உறுதிப்பொருள் நான்கனுள் பொருள் இரண்டாவதாக வைத்து எண்ணப்படுவது. அறத்தின் வழியே வந்து, இன்பத்துக்கும் வீட்டுக்கும் துணையாய் நிற்பதே பொருள் எனப்படும். அறத்தின் நீங்கி வந்தது பெயரளவிற் பொருளேயன்றி உறுதிப்பொருள் ஆகாது. இஃது அன்பர் யாவரும் அறிந்ததொன்றே. ஆயினும், பொருள் எங்கிருந்து வருகின்றது, அதற்கு முதலாய் நிற்பது யாது, அம்முதலை எடுத்துண்பார் அதனை மீள நிரப்புகின்றனரா என்னும் வினாக்களை நாம் அத்துணை ஊன்றி நினைப்பதில்லை. நினையாமையால் விளைந்த கேடுகள் இன்று நம் கண்முன் நிற்கின்றன.

கச்சிமாநகரின் தென்பால், பாலாற்றின் வடகரையில், செவிலிமேடு என்னும் ஊர் உள்ளது. இன்று அது காஞ்சிபுரம் மாநகராட்சியுள் அடங்கிய பகுதி. வந்தவாசிக்குச் செல்லும் பெருவழி இவ்வூரை அடுத்தே பாலாற்றைக் கடக்கின்றது. இராமாநுசர் பெருமாளுக்கு நாடோறும் நீர் முகந்ததாக வைணவர் போற்றும் சாலைக்கிணறும் இதன் பக்கத்ததே. இவ்வூரும் இதனைச் சூழ்ந்த கச்சியின் தெருக்களும் பட்டு நெசவால் வாழ்வன. பட்டிழை பெரும்பாலும் கருநாடகத்தினின்றும், சரிகை சூரத்து நகரினின்றும் வருகின்றன. பாவும் ஊடையும் ஆகிய இழை முதற்காரணமாகவும், தறியும் நாடாவும் துணைக்காரணமாகவும், நெய்வோன் நிமித்தகாரணமாகவும் நிற்பச் சேலை என்னும் காரியம் தோன்றுகின்றது. மண்ணும் திரிகையும் குயவனும் கொண்டு நம் ஆசிரியன்மார் விளக்கிய காரண முறை இத்தறியிலும் அங்ஙனமே விளங்கக் காண்கின்றோம்.

இங்கே ஒரு வியப்புண்டு. உலக வழக்கில் முதலாளி எனப்படுவான் இம்மூன்றனுள் யாதும் அல்லன். பணம் கொடுத்தவனே முதலாளி எனப்படுகின்றான். பணத்தையே முதல் என அழைக்கப் பழகிவிட்டோம். புழு தின்ற இலையை ஈன்ற மண்ணையும், இழையை நனைத்து அலசிய நீரையும், நெய்வோன் உண்ட சோற்றை விளைத்த வயலையும் முதல் என்று கணக்கில் எழுதுவார் இலர். பெயரில் நேர்ந்த இப்பிழை வாழ்க்கையிலும் பெரும் பிழையாய் முடிந்தது. அப்பிழையைக் கணக்காய்வாளர் ஒருவர் கண்டறிந்து, தம் வாணாள் முழுதையும் அதனைத் திருத்துதற்கே செலவிட்டார். அவர் தஞ்சையிற் பிறந்த தமிழர். பெயர் யோசேப்பு செல்லத்துரை குமரப்பா. கிறித்துவ நெறியினர். எனினும், அவர் வாழ்வு சைவ மெய்கண்டார் மரபினர் ஊன்றிக் கற்றற்குரியது என்பது யாம் கொண்ட துணிபாதலின், அதனை ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுகின்றாம்.

பிறப்பும் கல்வியும்

குமரப்பா 1892ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் தஞ்சாவூரிற் பிறந்தார். தந்தையார் அரசினரின் பொதுப்பணித் துறையில் அலுவல் பார்த்தவர். குடும்பம் கொர்னேலியசு என்னும் பெயரை வழங்கிவந்தது. பழைய குடிப்பெயராகிய குமரப்பா என்பதனைப் பிற்காலத்தில் அவரும் அவர் தம்பியார் பரதன் குமரப்பாவும் மீட்டுக்கொண்டனர். தம்பியாரும் கல்வியிற் சிறந்தவர். இராமாநுசர் கொண்ட கடவுட் கொள்கையை ஆராய்ந்து அவர் இயற்றிய ஆங்கில நூல் 1934ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்தது.

மூத்தவர் சென்றது கணக்கு வழி. இலண்டன் மாநகர் சென்று கணக்காய்வுக் கலை பயின்று, அதிற் பட்டம் பெற்று, அங்கேயே சிலகாலம் தொழில் புரிந்தார். 1919ஆம் ஆண்டில் நாடு திரும்பிப் பம்பாயில் கணக்காய்வுத் தொழிலில் அமர்ந்தார். நடையும் உடையும் உணவும் யாவும் மேலைநாட்டார் முறையே. வருவாயும் நன்கு பெருகிற்று. பிறர் வணிகத்தின் வரவு செலவுகளை ஆய்ந்து, மறைந்து கிடக்கும் பிழையை வெளிப்படுத்துதல் அவர்தம் நாட்பணி. எழுதப்பட்ட தொகை சரியா என்று காண்பதினும், எழுதப்படாது விடப்பட்டது யாதென்று காண்பதே நல்ல கணக்காய்வாளனுக்கு இலக்கணம். அவ்விலக்கணம் அவர்க்கு இயல்பாகவே வாய்த்திருந்தது.

வறுமையின் காரணம் தேடியமை

1928ஆம் ஆண்டளவில் அவர் அமெரிக்க நாட்டில் மேற்கல்வி பயின்றார். சிரக்யூசுப் பல்கலைக்கழகத்தில் வணிக ஆட்சிப் பட்டமும், பின்னர்க் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பொதுநிதிக் கல்வியும் பெற்றார். அங்கு அவர்க்கு ஆசிரியராய் வாய்த்தவர் செலிக்மன் என்னும் பேரறிஞர். அந்நாளில் குமரப்பா ஓரிடத்தில் இந்தியா வறுமையுற்றதன் காரணம் பற்றிப் பேசினார். அப்பேச்சின் செய்தி நாளிதழில் வெளிவர, அதனைக் கண்ட ஆசிரியர் அதனையே ஆய்வுப் பொருளாகக் கொள்ளுமாறு பணித்தார்.

ஆய்வு தொடங்கியபின் அவர் உள்ளம் மாறிற்று. இந்தியர் சோம்பலாலும் அறியாமையாலும் வறியராயினர் என்பதே அக்காலத்து ஆள்வோர் கூற்று. குமரப்பா அரசின் வரவு செலவு ஏடுகளையே எடுத்து ஆய்ந்தார். உழுவோர் தந்த வரி படைக்கும், உயர் அலுவலர் ஊதியத்துக்கும், கடன் வட்டிக்கும் பெரும்பாலும் செலவாகி, வரி தந்தவர்க்கு மீண்டுவரும் பயன் மிகச் சிறிதாதலை எண்களால் நிறுவினார். கொடுத்தவனுக்கு மீளாத கொடை அவனை வறியன் ஆக்கும் என்பதே அவர் முதற்கண் அடைந்த முடிபு. பிற்காலத்தில் மண்ணைப் பற்றி அவர் கூறியது யாவும் இம்முடிபின் விரிவே என்னலாம்.

அடிகளைக் கண்டமை

1929ஆம் ஆண்டில் நாடு திரும்பிய குமரப்பா, தம் கட்டுரையை வெளியிடும் பொருட்டுக் காந்தியடிகளைக் காணச் சபர்மதி சென்றார். மே மாதம் 9ஆம் நாள் அவர் அவ்வாசிரமத்துக்குப் பட்டுடை உடுத்துச் சென்றபோது, மரநிழலில் சாணமிட்டு மெழுகிய தரையில் முதியவர் ஒருவர் இருந்து இராட்டையில் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். உரிய நேரம் வரும்வரை நின்று அவரைப் பார்த்திருந்த குமரப்பா, அவரே அடிகள் என்று பின்னர் உணர்ந்தார். உணர்ந்தவுடன் தம் உயர்ந்த உடையோடு அத்தரையிலேயே அமர்ந்தார். அன்று தரையில் அமர்ந்தவர் பின்னர் அதனை விட்டு எழுந்திலர் என்றே சொல்லலாம்.

அவர் கட்டுரை அடிகளின் இதழில் தொடர்ந்து வெளிவந்தது. அடிகள் அவர்க்கு இட்ட முதற்பணி குசராத்தில் கேடா மாவட்டத்து மாதர் வட்டத்துச் சிற்றூர்களை நேரிற் சென்று ஆய்தல். குசராத்து வித்யாபீட மாணவர்களுடன் அவர் ஊர்தொறும், வீடுதொறும் சென்று, நிலம், மாடு, கடன், உணவு, உடை என ஒவ்வொன்றையும் கணக்கெடுத்தார். 1931ஆம் ஆண்டில் அவ்வாய்வு நூலாயிற்று. நகரத்து ஏடுகளில் காணாத கணக்கு உழவர் முற்றத்தில் கிடைத்தது. சட்டையும் தொப்பியும் கதராயின. கணக்காய்வுத் தொழில் நீங்கிற்று. கணக்காயும் அறிவு நீங்கவில்லை.

அதன்பின் உப்பு அறப்போர்க் காலத்தில் இதழ்ப்பணியும் சிறைவாழ்வும் மாறி மாறி வந்தன. 1934ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் பீகாரில் நேர்ந்த பெருநிலநடுக்கத்தை அடுத்து, இராசேந்திர பிரசாத் தலைமையில் நிகழ்ந்த துயர்தீர்ப்புப் பணியில் பணக்கணக்கு முழுதும் குமரப்பா பொறுப்பில் விடப்பட்டது. துன்புற்றார்க்கென மக்கள் தந்த பணம் ஆதலின், ஒரு காசும் வேறு வழிச் செல்ல அவர் ஒருப்பட்டிலர். காந்தியடிகளும் உடன்வந்தோரும் அங்கு வந்தபோது, அவர்தம் செலவை அந்நிதியினின்று கொடுக்கவியலாது என மறுத்தார். கணக்கு முடிக்கும் வேலையில் இருந்தமையால், முன்னறிவிப்பின்றி அழைத்த அடிகளைக் காணவும் மறுத்தார் என்பர். அடிகள் இதற்கு வருந்தாது மகிழ்ந்தமையே இருவர் பெருமைக்கும் சான்று. பொதுப்பொருளைக் காப்பவன் அன்புக்கும் வளையான், ஆசிரியனுக்கும் வளையான்.

மகன்வாடி

1934ஆம் ஆண்டு திசம்பரில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் நிறுவப்பெற்றது. குமரப்பா அதன் அமைச்சர். வார்தா நகரில் மகன்வாடி என்னும் தோட்டம் அதன் நிலைக்களமாயிற்று. செக்கு, கைக்குத்தல் அரிசி, பனைவெல்லம், தேனீ வளர்ப்பு, கையாற் செய்யும் காகிதம், சவர்க்காரம், மட்பாண்டம் எனப் பல தொழில்கள் அங்கே ஆராயப்பட்டன. பழையது என்பதனால் எதனையும் அவர் போற்றினாரல்லர். செக்கையும் அடுப்பையும் திருத்தி அமைக்க அவர்தம் சங்கத்தார் ஓயாது முயன்றனர். புதியது என்பதனால் எதனையும் தள்ளினாரும் அல்லர். அதனால் யார்க்கு வேலை போகின்றது, எது தீர்கின்றது என்று வினவிய பின்னரே முடிவு செய்தார்.

ஒரு சான்று காட்டுதும். நெல்லை ஆலையில் தீட்டினால் அரிசி வெண்மையாகின்றது. தவிடு நீங்கி உடலுக்கு ஊட்டம் குறைகின்றது. குற்றிப் புடைத்த பெண்டிர் கூலி இழக்கின்றனர். ஆலைக்கு நிலக்கரியோ எண்ணெயோ வேண்டியிருக்கின்றது. வணிகன் ஏட்டில் இம்மூன்று இழப்பும் எழுதப்படுவதில்லை. அரிசி மலிவு என்பது மட்டும் எழுதப்படுகின்றது. எழுதப்படாத செலவைப் பிறர் தலையில் ஏற்றுவதால் வந்த மலிவு மலிவன்று என்பது அவர் துணிபு.

இன்னொன்று விளக்கு. மண்ணெண்ணெய் விளக்குக்கு மாறாக, வித்துக்களினின்று ஆட்டிய எண்ணெயில் எரியும் மகன்தீபம் என்னும் விளக்கு அங்கே ஆக்கப்பட்டது. மண்ணெண்ணெய் நிலத்தின் வயிற்றில் ஒருமுறை வைக்கப்பட்டது, எடுக்குந்தோறும் குறைவது. வித்தெண்ணெய் ஆண்டுதோறும் ஞாயிற்றொளியால் விளைவது. முறையோடு எடுப்பார்க்குக் குறையாதது. இச்சிறு விளக்கினுள் அவர்தம் கொள்கை முழுதும் அடங்கிக் கிடக்கின்றது.

சிறையில் எழுந்த நூல்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆங்கில அரசினர் இந்தியாவினின்று உணவும் பண்டமும் மிகுதியாகக் கொண்டு, மாற்றாக இலண்டனில் கடன்முறிகளை வைத்து, ஈண்டுக் காகித நாணயத்தைப் பெருக்கினர். உண்ணும் பொருள் போயிற்று. உண்ணலாகாத காகிதம் வந்தது. அப்பம் கேட்டவனுக்குக் கல் கொடுத்தலை ஒக்கும் இச்செயலைக் குமரப்பா 1942ஆம் ஆண்டில் வன்மையாக எடுத்தெழுதினார். சிறை மீண்டும் வந்தது. சபல்பூர்ச் சிறையில் இருந்த காலத்தில் அவர் எழுதிய நூல்கள் இரண்டு. ஒன்று ஏசுநாதர் வாழ்வும் கற்பனையும் பற்றியது. மற்றொன்று நிலைபேறுடைய பொருளாட்சி எனப் பொருள்படும் பெயருடையது. இரண்டும் 1945ஆம் ஆண்டில் அடிகள் முன்னுரையுடன் வெளிவந்தன. அடிகள் அவர்க்கு இறைநூற் புலவர், கிராமத் தொழிற் புலவர் என்னும் கருத்தமைந்த இரு பட்டங்களையும் அன்பினால் வழங்கினார்.

பொருளாட்சி நூலின் கருத்து இது. உலகத்துப் பொருள்கள் தேக்கம் எனவும் ஓட்டம் எனவும் இருவகைப்படும். நிலக்கரி, மண்ணெண்ணெய், இரும்பு, செம்பு முதலியன தேக்கம், எடுத்தால் தீர்வன. காடு, பயிர், மாடு, ஓடும் நீர், மாந்தர் உழைப்பு முதலியன ஓட்டம். முறையறிந்து எடுப்பார்க்கு மீண்டும் வருவன. தேக்கத்தை நம்பி வாழ்வைக் கட்டும் நாடு, தன் தேக்கம் தீர்ந்தவழிப் பிறர் தேக்கத்தைப் பறிக்கப் படையெடுக்கும். ஆதலின் தேக்கப் பொருளாட்சி போர்க்கு வித்து. ஓட்டப் பொருளாட்சி அமைதிக்கு வித்து.

இனி, உயிர்கள் பொருள் கொள்ளும் முறையையும் அவர் ஐந்தாக வகுத்தார். புலி பிறிதோர் உயிரைக் கொன்று உண்கின்றது. குரங்கு தான் நடாத தோப்பிற் புகுந்து கனிகளைக் கவர்கின்றது. கொல்லுவதில்லை, கொடுப்பதும் இல்லை. பறவை தன் உழைப்பால் கூடு கட்டித் தான் வாழ்கின்றது. தேனீ தனக்கென்னாது தன் கூட்டம் முழுமைக்கும் தேன் சேர்க்கின்றது. தாய்ப்பறவை கைம்மாறு கருதாது குஞ்சுக்கு இரை தருகின்றது. கொலை, கவர்வு, முயற்சி, கூட்டுறவு, தொண்டு என ஏறிச்செல்லும் இப்படிகளுள் மாந்தன் எதனில் நிற்கின்றான் என்பதே அவன் நாகரிகத்துக்கு அளவு. கையில் உள்ள பணம் அளவன்று.

முதலாளித்துவத்தை அவர் கீழ்ப்படிகளில் வைத்தார். அதனை மறுத்து எழுந்த பொதுவுடைமை ஆட்சியையும் முழுதும் உடன்பட்டாரல்லர். பேராலையும் மைய ஆட்சியும் இருவழியும் ஒன்றாயின், உடைமை யார் பெயரில் இருப்பினும் உழைப்போன் உறுப்பாகவே தேய்வன் என்பது அவர் கருத்து. 1951ஆம் ஆண்டில் சீன நாடு சென்று, அங்கு உழவர்க்கு நிலம் கிடைத்தமை கண்டு பாராட்டிய நடுவுநிலையும் அவரிடத்து இருந்தது.

நிலமும் உழவரும்

நாடு விடுதலை பெற்ற பின்னர், காங்கிரசு அமைத்த நிலச்சீர்திருத்தக் குழுவுக்குக் குமரப்பா தலைவரானார். அக்குழுவின் அறிக்கை 1949ஆம் ஆண்டில் வெளிவந்தது. உழுவோனுக்கும் அரசுக்கும் இடைநின்று உண்பார் நீங்கவேண்டும். நிலத்திற் கைவருந்தி உழைப்பவரே பயிரிடுவோர் எனப்படுவர். ஒருவர் கொள்ளும் நிலத்துக்கு உச்சவரம்பு வேண்டும். கைம்பெண்டிர், சிறார், உடற்குறையுடையார் ஒழிந்த பிறர் நிலத்தைக் குத்தகைக்கு விடலாகாது என்பன அதன் தலையாய கூறுகள்.

நிலத்தை யார் கொள்வது என்பதோடு அவர் அமையவில்லை. நிலம் எதனை விளைக்கவேண்டும் என்றும் வினவினார். ஒரு நூறாயிரம் மக்கள் வாழும் பகுதிக்கு நெல், பயறு, எண்ணெய்வித்து, காய்கனி, பருத்தி இத்துணை வேண்டும் எனக் கணித்து, அதற்கேற்ப வயல்களைப் பங்கிட்டுப் பயிரிடல் வேண்டும் என்றார். உண்ணும் பயிரை நீக்கி ஆலைக்கெனக் கரும்பும் புகையிலையும் வைத்தலை அவர் விரும்பவில்லை. உழுபொறி சாணம் இடாது என்று நகையாடுவார். மண்ணினின்று எடுத்ததை எருவாக மண்ணுக்கே மீட்டுத் தருதல் அவர்க்குக் கடன் தீர்க்கும் செயலாகத் தோன்றிற்று. மாந்தர் கழிவையும் எருவாக்கும் பணியை மகன்வாடியில் அவரே முன்னின்று செய்தார்.

புதிய ஆட்சி பேரணைகளையும் பேராலைகளையும் நாடிச் சென்றது. குமரப்பா மனம் நொந்தார், ஆனால் வாளாவிருந்தாரல்லர். பின்னர் மதுரை மாவட்டத்துத் தே. கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தை அடைந்து, சிறு குடிலில் எளிய வாழ்வு நடத்தினார். மணம் செய்துகொண்டிலர்; உடைமை சேர்த்திலர். அக்குடிலின் சுவரில் ஏழை உழவன் ஒருவன் படம் இருந்தது. அதனைக் காட்டி, காந்தியடிகள் தமக்குத் தலைவர், இவ்வுழவனோ அத்தலைவர்க்கும் தலைவன் என்று வருவார்க்குக் கூறுவாராம். 1960ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள், அடிகள் உயிர்துறந்த அதே நாளில், குமரப்பா இவ்வுலக வாழ்வை நீத்தார். ஆண்டு அறுபத்தெட்டு. பதின்மூன்று ஆண்டு கழித்து, 1973ஆம் ஆண்டில் சூமாக்கர் என்னும் மேலைநாட்டுப் பொருளியலறிஞர் சிறுமையின் அழகைப் போற்றி எழுதிய புகழ்பெற்ற நூலில் குமரப்பாவின் கருத்தை எடுத்தாண்டபோதுதான், பிறந்த நாட்டாரிற் பலர் அவர் பெயரைக் கேட்டனர்.

சித்தாந்திகள் கொள்ளத்தக்கன

இனி, இவ்வரலாற்றால் நாம் பெறுவது யாது? குமரப்பா இயற்கையின் முறையையே மாந்தர்க்கு ஆசானாக வைத்தார். நாமோ இயற்கை சடம் ஆதலின் தானே முறைசெய்யாது, முறை இறைவன் ஆணையால் நிகழ்வது என்போம். இவ்வேற்றுமை பெரிது, அதனை மறைத்தல் நேர்மையன்று. எனினும், அவர் கணக்கிற் கண்ட உண்மைக்கு நம் கொள்கை இன்னும் உறுதியான அடிப்படை தருவதாகும். உலகம் பொய்த்தோற்றம் என்பார் மண்ணைப் பற்றிக் கவலார். உலகமே முடிந்த பொருள் என்பார் அதனைத் தம் நுகர்ச்சிக்கே உரியதாக்குவார். நமக்கோ உலகம் உள்பொருள். மாயை அதற்கு முதற்காரணம். தனு கரண புவன போகங்கள் உயிர்கள் மலம் நீங்கும்பொருட்டு இறைவனாற் கொடுக்கப்பட்டவை. மாயை ஞாயிறு எழுங்காறும் இருளில் உதவும் விளக்கு என்பர் நம் பெரியோர். அவ்விளக்கு ஒருயிர்க்கு மட்டும் ஏற்றப்பட்டதன்று. இன்னும் விடியாத உயிர்கள் எண்ணிறந்தன பின்னே வருகின்றன. அவற்றுக்கும் உரிய நெய்யை முன் வந்தவர் கொட்டிக் கவிழ்த்தல் எவ்வாற்றான் அறமாகும்?

அவர் கொள்கைமேல் நிகழும் தடையையும் கருதுவாம். மக்கட்டொகை பெருகிய நாட்டுக்குச் செக்கும் ஏரும் போதுமா என்பர். 1960களின் இடையில் நாடு வெளிநாட்டுக் கோதுமையை எதிர்நோக்கி நின்றதும், அதன்பின் வந்த புது வித்தும் உரமும் விளைவைப் பெருக்கியதும் மெய்யே. பசித்தவனுக்குச் சோறிட்ட செயலை இகழ்தல் ஆகாது. ஆனால் அவ்விளைவுக்காக ஆழ்துளை இட்டு நாம் இறைத்த நிலத்தடி நீரும், உரம் ஆக்க எரித்த எண்ணெயும் தேக்கத்தினின்று எடுத்தவை. வரவு எழுதியாயிற்று, செலவு இன்னும் எழுதப்படவில்லை. குமரப்பா வினவியது அச்செலவுப் பக்கத்தையே.

திருமடங்களின் தொடர்புடைய அன்பர்கட்கு ஒன்று பணிந்து கூறுவாம். 1961ஆம் ஆண்டில் இந்நாட்டு அரசு நில உச்சவரம்பைக் குடும்பம் ஒன்றுக்கு 30 தரநிலை ஏக்கர் என வகுத்தது. 1970ஆம் ஆண்டில் அது 15 ஆகக் குறைக்கப்பட்டது. பொதுச் சமய அறநிலையங்களின் நிலங்கட்கு அவ்வரம்பினின்றும் விலக்கு அளிக்கப்பட்டது. இவ்விலக்கைச் சலுகை என்று கருதுதல் சிறப்பன்று. கடன் என்று கருதுதலே சிறப்பு. இறைவன் பெயரில் உள்ள நிலம் பிறர் நிலத்தினும் நன்கு பேணப்படல் வேண்டும். குத்தகை வந்ததா என்று ஏட்டிற் காண்கின்றோம். அந்நிலத்து மண் நேற்றினும் இன்று வளமுடையதா, அதற்கு நீர் தரும் ஏரி தூர் எடுக்கப்பட்டதா, உழுத குடியின் மக்கள் வயிறார உண்டனரா என்னும் மூன்றும் அவ்வேட்டில் உளவா? இலவாயின் ஏடு நிறைந்ததாகாது.

இக்கணக்கு நமக்குப் புதியதும் அன்று. கச்சிக்குத் தெற்கே உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழர் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. குடவோலையால் ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்கு ஆண்டுதோறும் உறுப்பினரைத் தேர்ந்த முறையை அவை விரித்துரைக்கின்றன. முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாது ஒழிந்தவரும், அவர்தம் உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு உரியரல்லர் என்பது அங்குள்ள விதி. ஏரியையும் தோட்டத்தையும் ஆள்பவன் உடையவன் அல்லன், கணக்குக் காட்டக் கடமைப்பட்டவன் என்பதனை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கல்லில் எழுதிவைத்த நாடு இது.

மீண்டும் செவிலிமேட்டுப் பாலாற்றங்கரைக்கு வருவாம். இவ்யாறு ஆண்டிற் பெரும்பகுதி மேலே வறண்டு தோன்றுவது. ஆயினும் மணலினடியில் நீர் ஓடுவது. முன்னோர் அம்மணலில் ஊற்றுக்கால் வெட்டி, அந்நீரை வயல்களுக்கும் ஏரிகளுக்கும் செலுத்தினர். நீர் ஓட்டம், அதனைப் பிடித்து வைத்த மணல் தேக்கம். பிற்காலத்தார் மணலைத் தோண்டி வண்டி வண்டியாக விற்றனர். தேக்கம் குறைந்தவுடன் ஓட்டமும் குன்றியது. மேல்பால் வேலூர்ப் பக்கத்துத் தோல் பதனிடு சாலைகளின் கழிவு இவ்யாற்றையும் நிலத்தையும் கெடுத்தமை பற்றி உச்சநீதிமன்றம் 1996ஆம் ஆண்டில் தீர்ப்புரைத்து, மாசுபடுத்தினவரே இழப்பை ஈடுசெய்தல் வேண்டும் என விதித்தது. ஏட்டில் எழுதாது விட்ட செலவு ஒருநாள் எழுதப்பட்டே தீரும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

கச்சி, ஐம்பூதத் தலங்களுள் மண்ணுக்கு உரியது. ஏகம்பத்து இறைவன் மண்ணே திருமேனியாக எழுந்தருளியுள்ளான். அம்மை கம்பையாற்றங்கரையில் மணலால் இலிங்கம் அமைத்து வழிபட்டபோது வெள்ளம் பெருகிவர, அம்மணல் கரையாதபடி தழுவிக் காத்தாள். இருநாழி நெல் கொண்டு எண்ணான்கு அறமும் குறைவின்றி வளர்த்தவளும் அவளே. அளந்த நெல் சிறிது, அறம் குறையவில்லை. இறைவன் திருமேனியாய் நின்ற மண்ணை அம்மை தழுவிக் காத்த நகரில், நாம் மணலை அளந்து விற்றோம். முதல் யாது என்னும் வினாவுக்கு விடையை அம்மை செயலிற் காட்டியுள்ளாள். அதனைக் கணக்கிற் காட்டியவர் குமரப்பா. வாழ்விற் காட்டுதல் நம் கடன். அதற்குத் திருவருள் துணைசெய்க.